யூதர் யார் என்று சொல்ல வேண்டியவர் யார்?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"யூதர் என்பவர் யார்?" என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. யூதர் என்பது பிறப்பால் வருவதா? மதத்தால் வருவதா? அல்லது "நான் யூதன்" என்று ஒருவன் தன் வாயால் சொல்லிக்கொள்வதால் வருவதா? கேட்பதற்கு இது ஏதோ வேதபாடசாலை விவாதம் போலத் தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்து இருபதாம் நூற்றாண்டில் மனிதர்கள் உயிர் பிழைத்தார்கள், உயிரை இழந்தார்கள். குடியுரிமை பெற்றார்கள்; குடியுரிமை மறுக்கப்பட்டார்கள். திருமணப் பதிவாளரின் மேசைக்கு முன்னால் நின்ற மணமக்கள், பாட்டிக்குப் பாட்டி யார் என்று கேட்கப்பட்டுத் தலைகுனிந்து திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில் நம் மும்பையிலிருந்து போனவர்களும் உண்டு. ஆகவே இது நமக்குத் தொலைவான விஷயமல்ல.

மூன்று பதில்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். பிறகு என் கருத்தைச் சொல்கிறேன். மாறுபடுகிறவர்கள் இறுதியில் கேள்வி கேட்கலாம்.

மதம் சொல்லும் பதில்

முதலில் யூத மதச் சட்டம் என்ன சொல்கிறது? யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். அல்லது முறைப்படி யூத மதத்தைத் தழுவியவர் யூதர். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்ட நூலிலிருந்து ரபிமார் எனப்படும் மதகுருமார் கடைப்பிடித்து வரும் விதி இது.

இதில் ஒரு விசித்திரம் இருப்பதைக் கவனியுங்கள். மதச் சட்டமே பிறப்பைத்தான் முதலில் வைக்கிறது. யூதத் தாய்க்குப் பிறந்தவன் கடவுள் இல்லை என்று சொன்னாலும், சனிக்கிழமை ஓய்வு நாளை மீறினாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் அவன் யூதனே. பாவம் செய்த யூதன் என்பார்களே தவிர, யூதனல்ல என்று சொல்ல மாட்டார்கள். மறுபுறம், யூத இரத்தம் ஒரு சொட்டும் இல்லாத ஒருவர் மதத்தைத் தழுவிவிட்டால் அவரும் முழு யூதர். அவருக்குப் பழைய குலத்தை நினைவுபடுத்துவதே தவறு என்கிறது அதே சட்டம். ஆக, "பிறப்பா, மதமா?" என்று நாம் கேட்டால், மதம் "இரண்டும்" என்று பதில் சொல்கிறது.

இந்த விதியும் எக்காலத்துக்கும் ஒன்றாக இருந்ததில்லை. பைபிளின் பழைய ஏற்பாட்டில் வம்சம் பெரும்பாலும் தகப்பன் வழியாகவே எண்ணப்படுகிறது. எஸ்றா என்னும் தலைவர் அந்நிய மனைவியரை விலக்கி அனுப்பும்படி மக்களைக் கட்டாயப்படுத்திய வரலாறும் அதே நூலில்தான் இருக்கிறது. மோவாபியப் பெண்ணான ரூத், மாமியார் நகோமியோடு வந்து அவள் மக்களையும் அவள் தெய்வத்தையும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட கதையும் அதே நூலில்தான் இருக்கிறது. அந்த ரூத்தின் கொள்ளுப்பேரன்தான் தாவீது மன்னன். ஒரு கை கதவைச் சாத்துகிறது. ஒரு கை திறக்கிறது. தல்மூத் என்னும் மரபு நூலை ஏற்காத கராயீத்துகள் என்ற பிரிவினர் இன்றும் தகப்பன் வழியையே கணக்கில் கொள்கிறார்கள். அமெரிக்காவின் சீர்திருத்த யூத ரபிமார் 1983-ஆம் ஆண்டில், தாய் அல்லது தந்தை இருவரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூதப் பிள்ளையாகவே வளர்க்கப்பட்டால் அதை யூதனாகக் கருதலாம் என்று தீர்மானம் செய்தார்கள். பழமைவாத ரபிமார் இதை ஏற்கவில்லை. ஆக, மதத்தின் பதில் என்று நாம் சொல்லும்போதே, எந்தப் பிரிவின் பதில் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்தச் சண்டை ஒரு ஜெப ஆலயத்துக்கும் இன்னொரு ஜெப ஆலயத்துக்கும் இடையே நடக்கிற வரையில் அது அவர்கள் வீட்டுச் சண்டை. அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அரசு இதில் கை வைக்கும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

கொலைகாரன் எழுதிய இலக்கணம்

யூதன் யார் என்று மிகத் துல்லியமாகச் சட்டம் எழுதியவர்கள் நாஜிகள்தாம். 1935 செப்டம்பரில் நூரம்பர்க் சட்டங்கள் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் துணை விதி வந்தது. தாத்தா பாட்டி நால்வரில் மூவரோ நால்வருமோ யூதராக இருந்தால் அவன் யூதன். இருவர் மட்டும் யூதராக இருந்து, அவன் யூத மதச் சபையில் உறுப்பினனாகவோ, யூதரை மணந்தவனாகவோ இருந்தால் அவனும் யூதன். மற்றபடி "கலப்பினத்தான்".

இனம், இரத்தம், விஞ்ஞானம் என்று முழங்கியவர்கள் அவர்கள். ஆனால் தாத்தா யூதர் என்பதை எதைக் கொண்டு கண்டுபிடித்தார்கள்? அவருடைய இரத்தத்தைச் சோதித்தா? இல்லை. அவர் யூத மதச் சபையின் பதிவேட்டில் இருந்தாரா என்று பார்த்தார்கள்! இனவாதச் சட்டமே மதப் பதிவேடு இல்லாமல் ஓர் அடி நடக்க முடியவில்லை. இரத்தத்தில் யூதம் என்று ஒன்று கிடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் அந்தப் பொய்யின் விளைவு பொய்யல்ல. எடித் ஸ்டைன் என்ற தத்துவ ஆசிரியை 1922-ல் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கரானார். பிறகு கன்னியாஸ்திரீயாகி ஹாலந்து நாட்டு மடம் ஒன்றில் வாழ்ந்தார். 1942 ஆகஸ்டில் அவரை அங்கிருந்து இழுத்துச் சென்று ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அவர் தன்னை எப்படி அழைத்துக்கொண்டார், யாரை வணங்கினார் என்பதையெல்லாம் அங்கே எவரும் கேட்கவில்லை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சார்த்தர் 1946-ல் வெளியிட்ட நூலில், மற்றவர்கள் எவனை யூதன் என்று கருதுகிறார்களோ அவனே யூதன் என்ற கருத்தை வைத்தார். பாதி உண்மை அது. பகைவன் குறி வைத்தபோது யார் யாரோ யூதரானது உண்மை. ஆனால் பகைவன் பார்வைக்கு முன்பே இந்த மக்களுக்கு மொழி இருந்தது, நூல் இருந்தது, பண்டிகை இருந்தது, பாட்டு இருந்தது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒடுக்குபவனின் அகராதியைக் கொண்டு ஒடுக்கப்பட்டவனுக்குப் பெயர் வைக்க முடியாது.

சோவியத் நாட்டு நிலைமை வேறு விதமாக இருந்தது. அங்கே 1932 முதல் உள்நாட்டு பாஸ்போர்ட்டின் ஐந்தாவது வரியில் "தேசிய இனம்" என்ற கட்டம் இருந்தது. ரஷ்யன், உக்ரேனியன் என்பது போலவே "யூதன்" என்பதும் ஓர் இனம். அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. தந்தை யூதராகவும் தாய் ரஷ்யராகவும் இருந்தால், பதினாறு வயதில் பிள்ளை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் தகப்பன் பெயரை வைத்தே ஊரார் அவனை யூதன் என்றார்கள். வேலையிலும் பல்கலைக்கழகத்திலும் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் உண்டு.

1989-க்குப் பிறகு இவர்கள் பெருந்திரளாக இஸ்ரேலுக்குப் போனார்கள். அங்கே என்ன நடந்தது? தாய் யூதர் அல்ல என்பதால், லட்சக்கணக்கானவர்கள் "மதம் இல்லாதவர்" என்ற வகையில் பதிவு செய்யப்பட்டார்கள். குடியுரிமை உண்டு, ராணுவ சேவை உண்டு, வரி உண்டு. ஆனால் திருமணம் அங்கே மத நீதிமன்றங்களின் கையில் இருப்பதால், ஒரு யூதப் பெண்ணை மணக்க விரும்பினால் சைப்ரஸ் போன்ற வெளிநாட்டுக்குப் போய் மணந்து வர வேண்டியிருந்தது. மாஸ்கோவில் இருந்தவரை தகப்பனைக் காட்டி யூதன் என்றார்கள். டெல் அவிவில் இறங்கியதும் தாயைக் காட்டி யூதனல்ல என்றார்கள். மனிதன் ஒருவனே. கேட்கிறவன்தான் மாறினான்.

அரசு மேசையில் ஒரு கட்டம்

இஸ்ரேல் நாட்டின் சட்டத்துக்கு வருவோம். 1950 ஜூலையில், யூதர் எவரும் அந்நாட்டுக்கு வந்து குடியேறலாம் என்ற "திரும்பி வரும் உரிமைச் சட்டம்" நிறைவேறியது. ஆனால் யூதர் யார் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 1958-ல் உள்துறை அமைச்சராக இருந்த பார் யெஹூதா, ஒருவர் நல்லெண்ணத்தோடு தன்னை யூதர் என்று அறிவித்தால் அப்படியே பதிவு செய்யலாம் என்று உத்தரவிட்டார். மதக் கட்சி அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். பிரதமர் பென் குரியன் உலகெங்கும் உள்ள சுமார் ஐம்பது யூத அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார். பெரும்பாலோர் மதச் சட்டத்தையே பின்பற்றச் சொன்னார்கள்.

அடுத்து இரண்டு வழக்குகள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆஸ்வால்ட் ருஃபைசன் வழக்கு. போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். யுத்த காலத்தில் தன்னை யூதர் என்று காட்டிக்கொள்ளாமல் மீர் என்ற ஊரில் ஜெர்மன் போலீசாருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டு, அங்கே அடைபட்டிருந்த யூதர்களுக்கு ஆயுதம் கடத்திக் கொடுத்தார். படுகொலை நாளை முன்கூட்டியே அறிவித்தார். சுமார் 300 பேர் காட்டுக்குள் தப்பினார்கள். பிறகு ஒரு கிறிஸ்தவ மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், துறவியானார், சகோதரர் தானியேல் என்று பெயர் கொண்டார். பின்னர் இஸ்ரேலுக்கு வந்து, "என் மதம் கிறிஸ்தவம், என் மக்கள் யூத மக்கள், என்னை யூதனாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்ற நிலையில் நீதிமன்றம் போனார். மதச் சட்டப்படி பார்த்தால் யூதத் தாய்க்குப் பிறந்த அவர் யூதரே. ஆனால் 1962-ல் உச்ச நீதிமன்றம், நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், மனுவைத் தள்ளுபடி செய்தது. இந்தச் சட்டம் மதச்சார்பற்ற சட்டம். சாதாரண யூதன் ஒருவன் வேறு மதம் புகுந்தவனை யூதன் என்று சொல்ல மாட்டான் என்பதே காரணம். பிறகு அவர் மற்ற வெளிநாட்டார் பெறும் முறையிலே குடியுரிமை பெற்று, 1998-ல் காலமாகும் வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

இரண்டாவது, பெஞ்சமின் ஷாலித் என்ற கடற்படை அதிகாரியின் வழக்கு. அவர் யூதர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மனைவி ஸ்காட்லாந்துக்காரர், யூதரல்லர். பிள்ளைகள் இஸ்ரேலில் பிறந்து, ஹீப்ரு பேசி, அந்த மண்ணிலே வளர்ந்தவர்கள். அவர்களை "மதம் இல்லை, இனம் யூதர்" என்று பதிய வேண்டும் என்றார். 1970 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது: யூதத் தாய்க்குப் பிறந்தவரும், யூத மதம் தழுவியவரும், வேறு மதத்தில் உறுப்பினராக இல்லாதவருமே யூதர். ஆனால் அதே திருத்தம், யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்களுடைய வாழ்க்கைத்துணை ஆகியோரும் வந்து குடியேறலாம் என்றது. நாட்டுக்குள் வர ஓர் இலக்கணம். பதிவேட்டில் ஏற இன்னோர் இலக்கணம்! முன்பு சொன்ன ரஷ்யக் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் விழுந்தன.

இரண்டு வழக்கும் சேர்ந்து நமக்குச் சொல்வது என்ன? மக்களைக் காப்பாற்றியவர் மதம் மாறியதால் வெளியே. அந்த மண்ணில் வளரும் குழந்தை தாயின் பிறப்பால் வெளியே. அரசுக்கு ஓர் இலட்சியம் இல்லை. ஒரு வாசற்காவல்தான் இருக்கிறது.

நம் ஊர்ச் சாட்சி

இப்போது நம் ஊருக்கு வருவோம். மஸ்ஜித் பந்தர் ரயில் நிலையத்தில் இறங்கி ஏறாதவர்கள் இங்கே குறைவு. அந்தப் பெயரில் உள்ள "மஸ்ஜித்", பக்கத்திலே மாண்டவியில் உள்ள யூத ஜெப ஆலயத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படுகிறது. கம்பெனிப் படையில் பணியாற்றிய சாமுவேல் எசக்கியேல் திவேகர் 1796-ல் கட்டிய ஆலயம் அது. அதைக் கட்டிய சமூகம் பெனே இஸ்ரேல் சமூகம். கொங்கண் கரையில், அலிபாக் அருகே நவ்காவ் பக்கம் கப்பல் உடைந்து கரையேறிய ஏழு தம்பதிகளின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. கிராமங்களில் செக்காட்டி எண்ணெய் விற்று வாழ்ந்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள். அதனால் ஊரார் அவர்களைச் "சனிவார் தேலி" என்றார்கள். தாய்மொழி மராத்தி. திவேகர், பேண்கர் என்று ஊரை வைத்தே குடும்பப் பெயர். கவிஞர் நிசிம் எசக்கியேல் இந்தச் சமூகத்தவர்.

எந்த ரபியும் எட்டிப் பார்க்காத காலத்திலும் விருத்தசேதனத்தையும், ஓய்வு நாளையும், ஒரே கடவுள் என்று அறிக்கையிடும் ஷெமா என்ற பிரார்த்தனையையும் விடாமல் காத்தவர்கள் அவர்கள். சுதந்திரத்தின்போது சுமார் 20,000 பேர் இருந்தார்கள். இந்தியாவில் அவர்களை யாரும் துன்புறுத்தவில்லை. இருந்தும் பலர் ஆசையோடு இஸ்ரேலுக்குப் போனார்கள். போன சில ஆண்டுகளிலேயே நிறத்தைப் பார்த்து வேறுபாடு காட்டுகிறார்கள் என்று முறையிட்டு, ஒரு குழுவினர் போராடி இந்தியாவுக்கே திரும்பி வந்ததும் உண்டு.

1961-62-ல் தலைமை ரபி நிசிமின் காலத்தில் அந்த நாட்டு ரபி சபை ஓர் உத்தரவு போட்டது. பெனே இஸ்ரேல் சமூகத்தவர் மற்ற யூதரை மணக்கத் தடையில்லை. ஆனால் பதிவாளர், மணமகனோ மணமகளோ தாய், தாய்க்குத் தாய் என்று முடிந்த மட்டும் பின்னோக்கிப் போய் விசாரிக்க வேண்டும். போலந்திலிருந்து வந்தவனுக்கோ மொராக்கோவிலிருந்து வந்தவனுக்கோ தனி உத்தரவு இல்லை. கொங்கணத்து எண்ணெய்க்காரன் பேரனுக்கு மட்டும் இந்த விசாரணை! அவர்களிடம் வம்சாவளி ஏடு ஏது? கிராமத்துச் செக்கடியில் யார் பதிவேடு வைத்திருந்தார்கள்? நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் ஒரே குடிசையில் வாழ்ந்தவனிடம் போட்டோ பாஸ் எங்கே என்று கேட்கும்போது, வாழ்ந்த வாழ்க்கை சாட்சியாகாமல் காகிதம் மட்டுமே சாட்சியாகிறதே, அந்த அனுபவம் நமக்கு உண்டு.

அவர்கள் பணிந்து போகவில்லை. அங்கும் இங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. 1964-ல் ஜெருசலேமில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து போராடினார்கள். பிரதமர் லெவி எஷ்கோல் அரசு இறங்கி வந்தது. 1964 ஆகஸ்ட் 17-ஆம் தேதி நாடாளுமன்றம் கூடி, பெனே இஸ்ரேல் சமூகத்தவர் எல்லா வகையிலும் யூதரே, திருமணம் உட்பட எல்லா உரிமையிலும் சமமானவரே என்று அறிவித்தது. ரபி சபை தன் உத்தரவிலிருந்து அவர்கள் பெயரை நீக்கி, "சந்தேகத்துக்கு இடமுள்ள எவரையும்" என்று பொதுவாக மாற்றிக்கொண்டது. போராடியவர்களுக்கு வெற்றிதான். ஆனால் சந்தேகம் என்ற ஆயுதம் கீழே வைக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

யூதரை யூதரே தள்ளி வைத்த கதை நம் தென்னாட்டிலும் உண்டு. கொச்சியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியினர் ஒரு காலத்தில் சமமாக உட்கார முடியவில்லை. மதம் ஒன்று, பிரார்த்தனை ஒன்று. இடம் மட்டும் வேறு. அந்தச் சந்ததியில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சாலேம், தடுக்கப்பட்ட இடத்தில் தம் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார், சத்தியாகிரகம் செய்தார். "யூத காந்தி" என்று அவரை அழைத்தார்கள். படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. நான்கு திசையிலும் சாதி சூழ்ந்த நாட்டில், சாதியைச் சொல்லாத மதத்துக்குள்ளும் அது கால் நீட்டியது. பிறப்பைத் தோண்டத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது நம் நாட்டுச் சான்று.

எதியோப்பியக் கருப்பின யூதருக்கும் இதே கதிதான். 1973-ல் ரபி ஒவாதியா யோசெஃப் அவர்களை யூதர் என்று தீர்ப்பளித்தார். 1975-ல் அரசு ஏற்றது. ஆனால் 1984-85-ல் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்த பிறகு, சந்தேக நிவர்த்திக்காகச் சடங்கு முழுக்குப் போட வேண்டும் என்றார்கள் ரபிமார். "நாங்கள் ஏற்கெனவே யூதர், எங்களை எதற்கு மீண்டும் யூதராக்குகிறீர்கள்?" என்று 1985-ல் அவர்கள் ஜெருசலேமில் போராடினார்கள். மணிப்பூர், மிசோரம் மாநிலங்களைச் சேர்ந்த பினே மெனாஷே மக்களை 2005-ல் தலைமை ரபி ஷ்லோமோ அமார் இஸ்ரேலின் வழித்தோன்றல்கள் என்று ஏற்றார். ஆனாலும் முறைப்படி மதம் தழுவியே ஆக வேண்டும் என்றார். வம்சம் உண்டாம்; ஆனால் அது போதாதாம்!

விஞ்ஞானம் தீர்க்காதா?

"மரபணுச் சோதனை வந்துவிட்டதே, அது தீர்த்துவிடாதா?" என்று கேட்கலாம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பெனே இஸ்ரேல் மக்களின் மரபணுவில் யூத வழியும் இந்திய வழியும் கணிசமாகக் கலந்திருப்பதைக் காட்டியது. நல்லது, மரபுக் கதைக்கு ஆதரவு கிடைத்தது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். அந்த ஆய்வு வேறு விதமாக வந்திருந்தால்? தலைமுறை தலைமுறையாகச் சனிக்கிழமை செக்கை நிறுத்தியவர்கள் ஒரே நாளில் யூதரல்லாமல் போயிருப்பார்களா? போயிருக்க மாட்டார்கள் என்றால், மரபணு அவர்களை யூதராக்கவும் இல்லை. அது ஒரு மக்களின் பயணத்தைச் சொல்லலாம். உறவைச் சொல்ல முடியாது.

அப்படியானால் வாய்ச்சொல் போதுமா? இன்று காலையில் எழுந்து ஒருவன் "நான் யூதன்" என்றால் ஏற்க வேண்டுமா? இந்த ஆட்சேபணை நியாயமானது. ஒரு சமூகம் என்பது ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடும் பத்திரம் அல்ல. ஏற்பதற்கு எதிரில் இன்னொருவர் வேண்டும். சலுகைக்காகச் சொல்கிறவனும் இருப்பான். ஆனால் சுய அடையாளம் என்பதை வெறும் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்வதே தவறு. தன்னை ஒரு மக்களோடு சேர்த்துச் சொல்கிறவன், அவர்களுடைய சுமையையும் சேர்த்துச் சுமக்கிறானா என்று பாருங்கள். மார்க்சியரான ஐசக் டாய்ச்சர் ரபியாக வளர்க்கப்பட்டுப் பின் நாத்திகரானவர். மதத்தாலும் தேசியத்தாலும் தாம் யூதரல்ல, துன்புறுத்தப்பட்டவர்களோடு கொண்ட நிபந்தனையற்ற ஒருமைப்பாட்டால் தாம் யூதர் என்ற பொருளில் எழுதினார். மீர் நகரத்தில் தன் உயிரைப் பணயம் வைத்த ருஃபைசனின் சொல்லும் இத்தகையதே. வாழ்ந்து காட்டிய சொல் அது.

இரண்டு வாசல்களைப் பிரித்து வையுங்கள்

தோழர்களே, என் முடிவு இதுதான். ஜெப ஆலயத்தின் வாசல் வேறு. அரசின் வாசல் வேறு. யாரைப் பிரார்த்தனைக்கு எண்ணுவது, யாருக்கு மணம் செய்து வைப்பது என்பதை மதச் சபை தன் மரபுப்படி தீர்மானிக்கட்டும். அதில் அநீதி இருந்தால் சாலேம் போல உள்ளிருந்தே போராடுகிறவர்கள் அதைத் திருத்துவார்கள். ஆனால் அந்த வாசலின் சாவியை வாங்கி அரசு தன் வாசலைப் பூட்டக் கூடாது. குடியுரிமை, திருமணப் பதிவு, பள்ளிக்கூடத்தில் இடம் இவற்றுக்கெல்லாம் பாட்டியின் பிறப்பைக் கேட்க அரசுக்கு உரிமை இல்லை. லண்டனில் ஒரு யூதப் பள்ளி, தாயின் மதமாற்றம் தாங்கள் ஏற்கும் முறைப்படி நடக்கவில்லை என்று ஒரு மாணவனுக்கு இடம் மறுத்தபோது, 2009-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அது பிறப்பைப் பார்த்துக் காட்டும் இன வேறுபாடே என்று தீர்ப்பளித்தது. கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அளவுகோல் பிறப்பாக இருந்தால் விளைவு அதுவே என்றது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். "யூதர் யார்?" என்ற கேள்வி யூதரை மட்டும் பாதிக்கவில்லை. அந்த மண்ணைப் பார்த்தே இராத ஒரு பேரப்பிள்ளை நாளைக்கே போய்க் குடியேறலாம். 1948-ல் அங்கிருந்து வெளியேற நேர்ந்த சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்களும் அவர்கள் சந்ததியும், வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்தும் திரும்ப முடியாது. யூதருக்கு ஓர் அடைக்கலம் தேவைப்பட்டது என்பதை ஆஷ்விட்ஸை அறிந்த எவனும் மறுக்க மாட்டான். ஆனால் அடைக்கலம் தேடி வந்தவனுக்குக் கதவைத் திறப்பது ஒன்று. பிறப்பை அளவுகோலாக்கி அடுத்த வீட்டுக்காரனுக்குக் கதவை அடைப்பது வேறொன்று. எங்கள் தேசிய இனத்தை "இஸ்ரேலியர்" என்று பதியுங்கள் என்று சில குடிமக்கள் கேட்டபோது, 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2018-ல் வந்த சட்டம், தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதியது. எல்லாரும் சமமாக நிற்கக்கூடிய ஒரு பெயரை அரசு ஏற்க மறுக்கிறது.

யூத அடையாளம் பிறப்பிலா, மதத்திலா, சுய அறிவிப்பிலா நிற்கிறது? மூன்றிலும் நிற்கிறது. அம்மாவிடம் கேட்ட தாலாட்டும் அது. ஆலயத்தில் சொல்லும் பிரார்த்தனையும் அது. ஆபத்து நேரத்தில் "நானும் அவர்களில் ஒருவன்" என்று முன்னே வந்து நிற்பதும் அது. மூன்றில் ஒன்றை மட்டும் பிடுங்கி முத்திரைக் கட்டையாக்கி அதிகாரியின் கையில் கொடுத்தால், அடிபடுகிறவர்கள் எப்போதும் ஏடு இல்லாதவர்கள், நிறம் கறுத்தவர்கள், கடைசியில் வந்து சேர்ந்தவர்கள். 1964-ல் ஜெருசலேம் வீதியில் உட்கார்ந்த மும்பைக்காரர்கள், எங்கள் பாட்டியைத் தோண்டாதீர்கள், எங்கள் வாழ்க்கையைப் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். அது நியாயமான கோரிக்கை. அதை யார் எந்த நாட்டில் கேட்டாலும் அவர்கள் பக்கம் நிற்பது நம் கடமை.